வீட்டுப் படியும் கூட்டல் வாய்பாடும்

(நமது ஜமாஅத் மக்தபின் பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



  

'குழந்தைகளின் கல்வியில் பெற்றோரின் பங்கு' என்ற தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். அது கடலளவு தலைப்பு. அந்தக் கடலிலிருந்து இரண்டு கை நீரை மட்டும் அள்ளிக்கொள்ள உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். ஒன்று, முகத்தலளவை, அதாவது ஒரு பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்னும் அறிவு. மற்றொன்று, கூட்டல் வாய்பாடு. அதாவது ஒற்றை இலக்க எண்கள் இரண்டைக் கூட்டினால் என்ன வரும் என்று தயங்காமல் சொல்லும் பழக்கம். இவ்விரண்டையும் ஐந்து வயது முதல் எட்டு வயது வரையுள்ள நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே எவ்வாறு கற்பிப்பது என்பதே என் பேச்சு.

இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு இதே போன்ற கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, ஒரு தாய் என்னை நிறுத்திக் கேட்டார்: "சார், நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குப் போனால், ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்புகிறேன். என் பையன் இரண்டாம் வகுப்பு. எட்டும் ஐந்தும் எவ்வளவு என்றால் கோடு கோடாகப் போட்டு எண்ணுகிறான். டியூசனுக்கும் அனுப்பிப் பார்த்துவிட்டேன். படிக்காத நான் அவனுக்கு என்ன கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்?"

அன்று என்னால் தகுந்த விடை சொல்ல இயலவில்லை. "பார்க்கலாம் அம்மா" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அந்தச் சொல் ஓராண்டாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இன்றைய உரை அந்தத் தாய்க்கு நான் தரவேண்டிய விடையாகும்.

சிறிய கணக்கு, பெரிய விளைவு

எட்டும் ஐந்தும் பதின்மூன்று என்பது ஓர் அற்பச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நான் கண்டது வேறு. மூன்றாம் வகுப்பில் கூட்டலுக்குக் கோடு போடும் பிள்ளை, நான்காம் வகுப்பில் பெருக்கலின்போது பின்தங்குகிறது. ஐந்தாம் வகுப்பில் வகுத்தலின்போது திகைக்கிறது. ஆறாம் வகுப்பில் பின்னம் வரும்போது, 'எனக்குக் கணக்கு வராது' என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறது. அதன்பின் அப்பிள்ளையின் பார்வை கரும்பலகையில் நிற்பதில்லை. கம்பெனி வாசலை நோக்கித் திரும்பிவிடுகிறது. நமது பகுதியில் அந்த வாசல் எப்போதும் திறந்தே இருக்கிறது. பள்ளியை விட்ட பிள்ளைகளைச் சட்டம் தடுத்தும், வறுமையும் தோல்வி மனப்பான்மையும் சேர்ந்து அந்த வாசலுக்குள் தள்ளிய வரலாறு நமக்குப் புதிதன்று.

கொரோனாவுக்காக 2020 மார்ச் மாதத்தில் மூடப்பட்ட பள்ளிகளில் தமிழகத்தின் தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் மீண்டும் திறக்கப்பட்டன. அந்த இடைவெளியின் இழப்பை உணர்ந்தே, எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்ற நோக்கத்துடன், தமிழக அரசு 2022 ஜூன் 13 அன்று 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கெனத் தொடங்கப்பட்ட, ஆடலும் பாடலும் செயலுமாகக் கற்பிக்கும் முறை அது. பள்ளி தன் பங்கைச் செய்ய முயல்கிறது. வீட்டின் பங்கு என்ன என்பதே நம்முன் உள்ள கேள்வி.

முகத்தலளவையின் இன்றியமையாமைக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கிறோம். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டியது. சிறிய பொட்டலம் 200 மில்லி லிட்டர் நீரில் கரைக்க வேண்டியது. எது எதற்கு என்று பொட்டலத்தின் மேலேயே எழுதியிருக்கும். பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளர் நீரில் கரைத்தால் உப்பு மிகுந்து, மருந்தே தீங்காகிவிடும். காய்ச்சலுக்குத் தரும் பாரசிட்டமால் மருந்தும் அப்படியே. கைக்குழந்தைக்குரிய சொட்டு மருந்து ஒரு செறிவிலும், வளர்ந்த குழந்தைக்குரிய சிரப் வேறு செறிவிலும் இருக்கும். இதன் மூடியால் அதை அளந்து ஊற்றினால் அளவு தவறிவிடும். ஒரு லிட்டர் என்றால் எவ்வளவு, 5 மில்லி லிட்டர் என்றால் எவ்வளவு என்பது கண்ணுக்கும் கைக்கும் தெரிந்திருப்பது உயிர் காக்கும் அறிவாகும்.

நம் முன்னோர் கற்ற கணக்கு

இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பிப்பது புதிய கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். தமிழகத்தின் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த சுவடிகளில் மூன்று முதன்மையானவை: பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி. இவற்றுள் நெல்லிலக்கம் என்பது முழுக்க முழுக்க நெல் அளக்கும் முகத்தலளவைகளைக் கொண்டு எண்ணவும் கூட்டவும் பழக்குவதாகும். அதாவது அக்காலத்துச் சிறுவன் கூட்டலையும் கொள்ளளவையும் இரு பாடங்களாகப் படிக்கவில்லை, ஒன்றாகவே படித்தான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வரலாற்று ஆய்வாளர் செந்தில் பாபு, தென்னிந்தியாவின் எண்களையும் அளவைகளையும் பற்றி எழுதி, 2022இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட நூலில் இச்சுவடிகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

அந்த அளவைகளைச் சற்று நினைவுகூர்வோம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. அதையே நாழி என்றும் சொன்னார்கள். எட்டுப் படி ஒரு மரக்கால். அதற்குக் குறுணி என்றும் பெயர். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியதுண்டு. நம் கொங்கு நாட்டில் வள்ளம் என்ற அளவும் வழங்கியது. 1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்திற்குப் பிறகு லிட்டரும் கிலோவும் வந்து, படியும் ஆழாக்கும் வணிகத்திலிருந்து விலகின. எனினும் நம் அடுக்களைகளில் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. அரிசிப் பானைக்குள் ஓர் ஆழாக்கோ உழக்கோ கிடக்காத வீடு நம் தெருவில் எத்தனை?

இந்த அளவைகளின் அழகைக் கவனியுங்கள். ஆழாக்கைக் கொண்டு எண்ணினால், ஒன்றும் ஒன்றும் இரண்டு, அது உழக்கு. இரண்டும் இரண்டும் நான்கு, அது உரி. நான்கும் நான்கும் எட்டு, அது படி. ஒரே எண்ணை இருமுறை கூட்டும் 'இரட்டைக் கூட்டல்' அந்தப் பாத்திரங்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. குழந்தை ஆழாக்கால் அரிசியை முகந்து படியை நிரப்பினால், அதன் கை கூட்டல் வாய்பாட்டை எழுதிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பிடி அரிசியையும் மறக்க வேண்டாம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை மதரஸாவுக்கென்று தனிப் பானையில் போட்டுவைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. என் தாயார் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் வார முடிவில் அந்தப் பானையை அளக்குமுன், "எத்தனை ஆழாக்கு இருக்கும், சொல்லு" என்று என்னிடம் கேட்பார். நான் ஏதோ சொல்வேன். பிறகு இருவரும் அளப்போம். என் முதல் கணக்கு வாத்தியார் அவர்தாம் என்று பிற்காலத்தில்தான் உணர்ந்தேன்.

என் தவறு ஒன்று

அப்படி வளர்ந்த நானே ஆசிரியரானபின் ஒரு தவறு செய்தேன். அதை மறைக்காமல் சொல்கிறேன். 'ஆயிரம் மில்லி லிட்டர் ஒரு லிட்டர்' என்று வகுப்பு முழுவதையும் உரக்கச் சொல்ல வைப்பேன். பிள்ளைகளும் கூரை அதிரச் சொல்வார்கள். ஒருநாள் மதிய உணவு வேளையில் உயரமான ஒரு பாட்டிலையும், அகன்ற ஒரு போசியையும் காட்டி, எது அதிகம் கொள்ளும் என்று கேட்டேன். வகுப்பிலேயே முதலாவதாக வரும் சிறுவன் பாட்டிலைக் காட்டினான். போசியில் நிரப்பிய நீரைப் பாட்டிலில் ஊற்றச் சொன்னேன். பாட்டில் நிரம்பி வழிந்தது. அவன் திகைத்து நின்றான். அவனைவிட நான் திகைத்தேன். வாயில் ஏறியது மனத்தில் இறங்கவில்லை. பிழை அவனுடையதன்று, என்னுடையது.

இதைப் பற்றி சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே ஆராய்ந்து, அலினா செமின்ஸ்காவுடன் இணைந்து 1941இல் நூலாக வெளியிட்டார். ஒரே அளவுள்ள இரு குவளைகளில் சமமாக நீர் ஊற்றிக் காட்டி, ஒன்றிலுள்ள நீரைக் குழந்தையின் கண்முன்பே ஒல்லியான உயரக் குவளைக்கு மாற்றினால், நான்கைந்து வயதுக் குழந்தை 'உயரக் குவளையில்தான் நீர் அதிகம்' என்று சொல்லும். ஏறத்தாழ ஏழு வயதையொட்டித்தான், 'ஊற்றிய நீர் அதே நீர்தானே, எப்படி அதிகமாகும்?' என்ற தெளிவு பிறக்கிறது. ஆகவே உங்கள் சிறுகுழந்தை தவறாகச் சொன்னால் அது மந்தம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த வயதின் இயல்பு அது. மீண்டும் மீண்டும் ஊற்றிப் பார்ப்பதே அந்தத் தெளிவுக்கு வழி.

ஊற்றிக் கற்பித்தல்

இனிச் செயல்முறைக்கு வருவோம். செலவில்லாதவை மட்டுமே சொல்கிறேன்.

முதலாவது, தண்ணீர் விளையாட்டு. துணி துவைக்கும் இடத்தில், பாத்திரம் கழுவும் நேரத்தில், ஒரு டம்ளர், ஒரு சொம்பு, ஒரு போசி, இரண்டு பழைய பாட்டில் ஆகியவற்றைக் குழந்தையிடம் கொடுங்கள். விதி ஒன்றே ஒன்று: முதலில் மதிப்பிட வேண்டும், பிறகு ஊற்ற வேண்டும். "இந்தச் சொம்புக்கு எத்தனை டம்ளர் பிடிக்கும்?" என்று கேளுங்கள். குழந்தை 'மூன்று' என்று சொல்லும். ஊற்றினால் ஐந்து வரும். உடனே திருத்த வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். "அடுத்தது எத்தனை?" என்று கேட்டால் போதும். ஒரு வாரத்தில் அதன் கண் தானாகவே திருந்துவதைக் காண்பீர்கள். மீந்த நீரைச் செடிக்கு ஊற்றிவிடலாம்.

இரண்டாவது, ஒரு லிட்டரை அறிமுகம் செய்தல். நியாய விலைக் கடையில் வாங்கும் பாமாயில் பாக்கெட் ஒரு லிட்டர். ஆவின் பால் பாக்கெட் அரை லிட்டர். குடிநீர்க் கேன் 20 லிட்டர். இவற்றின் மேல் எழுதியிருப்பதைக் குழந்தையையே படிக்கச் சொல்லுங்கள். அரை லிட்டர் பால் பாக்கெட் இரண்டை ஒரு லிட்டர் பாட்டிலில் ஊற்றினால் சரியாக நிரம்பும் என்பதைக் கண்ட குழந்தைக்கு, 500ம் 500ம் 1000 என்பதை மறுமுறை சொல்ல வேண்டியதில்லை. மருந்துக் குப்பியோடு வரும் 10 மில்லி லிட்டர் மூடியால் பத்துமுறை ஊற்றினால் 100 மில்லி லிட்டர். அந்த இடத்தில் பாட்டிலின் மேல் ஒட்டிய காகிதப் பட்டையில் ஒரு கோடு போடலாம். அப்படியே மேலே சென்றால் பத்துக் கோடுகளில் வீட்டுக்கென ஓர் அளவைப் பாட்டில் அமைந்துவிடும். ஏழெட்டு வயதுப் பிள்ளை இதைப் பெருமையோடு செய்யும். ஆனால் ஒன்று: இது கற்பதற்கான பாட்டில். மருந்து கொடுப்பதற்கு எப்போதும் அந்த மருந்தோடு வந்த மூடியையே பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது, அடுக்களைக் கூட்டல். இட்லிக்கு நான்கு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து ஊறவைக்கிறீர்கள். "நாலு டம்ளரும் ஒரு டம்ளரும் சேர்ந்து எத்தனை டம்ளர்? விருந்தாளி வந்தால் எட்டும் இரண்டும் போட வேண்டும். அப்போது எத்தனை?" ஐந்தும் பத்தும் குழந்தையின் வாயிலிருந்து தானே வரும். நீங்கள் எப்படியும் அளக்கத்தான் போகிறீர்கள். கூடுதலாகச் செலவாவது கால் நிமிடமும் ஒரு கேள்வியும் மட்டுமே.

நூறு கூட்டல் பன்னிரண்டாவது எப்படி?

அடுத்துக் கூட்டல் வாய்பாடு. பூஜ்யம் முதல் ஒன்பது வரையுள்ள எண்களை இரண்டிரண்டாகக் கூட்டினால் மொத்தம் 100 கூட்டல்கள். நூறையும் மனப்பாடம் செய் என்றால் எந்தக் குழந்தையும் மிரளும். ஆனால் அந்த நூற்றைக் குறைக்க வழியுண்டு.

மூன்றும் ஐந்தும் எட்டு என்றால், ஐந்தும் மூன்றும் எட்டுத்தான். இந்த ஒன்றை உணர்ந்தாலே நூறு 55 ஆகிவிடும். பூஜ்யத்தைக் கூட்டினால் எண் மாறாது. அதில் 10 கழிந்து 45. ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண். அதில் 9 கழிந்து 36. இரண்டும் இரண்டும் முதல் ஒன்பதும் ஒன்பதும் வரையுள்ள இரட்டைக் கூட்டல் 8. அவற்றை ஆழாக்கும் படியும் பாதி கற்பித்துவிடும். மீதி 28. கூடினால் பத்து வரும் ஜோடிகளில் எஞ்சியவை மூன்று: இரண்டும் எட்டும், மூன்றும் ஏழும், நான்கும் ஆறும். மீதி 25. இரட்டைக்கு அண்டை வீட்டார் ஏழு பேர் உண்டு. ஆறும் ஆறும் பன்னிரண்டு என்று தெரிந்தால், ஆறும் ஏழும் அதைவிட ஒன்று கூடுதல். மீதி 18. ஒன்பதோடு கூட்டுபவற்றில் எஞ்சியவை ஆறு. ஒன்பதும் ஆறும் என்றால், ஆறிலிருந்து ஒன்றை ஒன்பதுக்குக் கொடுத்தால் பத்து, மீதி ஐந்து, ஆகப் பதினைந்து.

இப்போது எஞ்சியிருப்பவை 12 மட்டுமே. அவையாவன: இரண்டோடு நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, மூன்றோடு ஐந்து, ஆறு, எட்டு, நான்கோடு ஏழு, எட்டு, ஐந்தோடு ஏழு, எட்டு, ஆறோடு எட்டு. வாரத்துக்கு இரண்டு வீதம் எடுத்துக்கொண்டால் ஆறே வாரத்தில் முடிந்துவிடும். இவற்றுள் நான்கும் எட்டும், ஐந்தும் ஏழும் சேர்ந்தால் ஒரு டஜன். பனியன் ஊரில் பிறந்த பிள்ளைக்கு டஜனைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்?

இதற்கு ஒரு கருவி சொல்கிறேன். முப்பது முட்டை வைக்கும் அட்டையில் வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசைக் குழிகள் இருக்கும். அதை இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால், பத்துக் குழி கொண்ட துண்டுகள் மூன்று கிடைக்கும். கையில் புளியங்கொட்டையோ பழைய பட்டனோ போதும். இப்போது அந்தத் தாய் கேட்ட எட்டும் ஐந்தும் எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு துண்டில் எட்டுக் கொட்டைகளை வையுங்கள். இரண்டு குழி காலியாக இருக்கிறது. ஐந்து கொட்டைகளிலிருந்து இரண்டை எடுத்து அவற்றை நிரப்பினால் பத்து. கையில் மீதி மூன்று. பத்தும் மூன்றும் பதின்மூன்று. கோடு போட வேண்டியதில்லை. சில நாளில் அட்டையும் வேண்டியதில்லை. காலிக் குழி இரண்டும் குழந்தையின் மனக்கண்ணில் தெரியும்.

இன்னொரு விளையாட்டு. பத்துக் கொட்டைகளை எண்ணிக் காட்டி, சிலவற்றை மூடிய கையில் மறைத்து, மீதியைத் தரையில் வையுங்கள். "கையில் எத்தனை?" இதைப் பேருந்து நிறுத்தத்திலும் ஆடலாம், படுக்கையிலும் ஆடலாம். பல்லாங்குழி இருக்கும் வீடுகளில் அதைப் பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். காய்களைப் பிரித்தும் சேர்த்தும் எண்ணுவதே அந்த ஆட்டம்.

தவிர்க்க வேண்டியவை

விரல் விட்டு எண்ணும் பிள்ளையை அதட்ட வேண்டாம். விரல் ஒரு படிக்கட்டு. முதலில் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணும். அடுத்து, இரண்டும் ஏழும் என்றால் பெரிய எண்ணான ஏழில் தொடங்கி 'எட்டு, ஒன்பது' என்று மேலே எண்ணும். அடுத்து, தெரிந்த கூட்டலிலிருந்து தெரியாததைக் கண்டுபிடிக்கும். கடைசியாகத்தான் நினைவிலிருந்து சொல்லும். நடுப் படியில் நிற்கும் குழந்தையின் கையைத் தட்டிவிட்டால் அது மேலே ஏறாது, கீழே விழும்.

அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். கடிகாரத்தைக் காட்டி விரட்ட வேண்டாம். நாளைக்குப் பத்து நிமிடம் போதும். குழந்தை அழுதால் அன்றைய பாடம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிக முக்கியமாக ஒன்று. வீட்டுக்குப் பீஸ் எடுத்துவந்து பிசிறு வெட்டும் தாய்மார்கள் இங்கு இருக்கிறீர்கள். கட்டி முடித்த பண்டலைக் காட்டி, "இது ஒரு டஜன், இதில் ஏழு போனால் எத்தனை?" என்று கேட்பது கல்வி. அந்தக் கத்தரிக்கோலைப் பிள்ளையின் கையில் கொடுப்பது கல்வியன்று, கூலி வேலை. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டை நாம்தான் காக்க வேண்டும்.

பெற்றோர் இருவரும் கம்பெனிக்குச் செல்லும் வீட்டில் யார் இதைச் செய்வது என்று கேட்கலாம். மூத்த பிள்ளை செய்யட்டும். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். சென்னையில் அநாதைச் சிறுவர் இல்லப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைப் புகுத்தி, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்து, 1797இல் அதை இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். அங்கே அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வழங்கிற்று. நம் தெருவிலிருந்து போன முறை நம் வீட்டுக்கு ஆகாதா? தவிர, சொல்லிக்கொடுக்கும் பிள்ளைதான் முதலில் தெளிவு பெறுகிறது.

படிக்காத தாய்மார்களின் சாதனை

'படிக்காத நான்' என்று அந்தத் தாய் சொன்னாரே, அவருக்காக ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். வங்காள தேசத்தில் வயிற்றுப்போக்கால் குழந்தைகள் பெருமளவில் மடிந்துகொண்டிருந்த காலம். 1980 முதல் 1990 வரை, பிராக் என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர் ஆகியவற்றைக் கொண்டு கரைசல் செய்யும் முறையைத் தாய்மார்களுக்குக் கற்பித்தார்கள். அவர்களுள் மிகப் பலர் எழுத்தறியாதவர்கள். அரை சேர் எது என்று காட்ட வீட்டிலிருந்த பாத்திரத்தையே பயன்படுத்தினார்கள். தாய் தம் கையாலேயே செய்து காட்ட வேண்டும். பின்னொரு நாளில் வேறொருவர் வந்து கேட்கும்போது அத்தாய் சரியாகச் சொன்னால்தான் கற்பித்தவருக்கு முழு ஊதியம். அந்தப் பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இது சென்று சேர்ந்தது. சொல்லிக் கேட்டதை அளந்து செய்து, செய்ததை மறவாமல் வைத்து, அந்தத் தாய்மார்கள் தம் குழந்தைகளைக் காத்தார்கள். எழுத்தறியாத அவர்களால் முடிந்தது ஐந்தாம் வகுப்புப் படித்த நம் சகோதரியால் முடியாதா?

ஜமாஅத்துக்கு ஒரு வேண்டுகோள்

அளவை என்பது நமக்கு வெறும் பாடமன்று. அளந்து கொடுப்பதில் குறைவு செய்வோரைக் கண்டிக்கும் ஓர் அத்தியாயமே திருக்குர்ஆனில், எண்பத்து மூன்றாவதாக, இருக்கிறது. பெருநாள் ஃபித்ராவின் அடிப்படை அளவாகிய ஸாஉ என்பதும் முகத்தலளவையே. நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு ஒரு முத்து. நான்கு முத்து ஒரு ஸாஉ. அதை இன்று கிலோவாகச் சொல்லும்போது தானியத்துக்குத் தானியம் கணக்கு வேறுபடுவது ஏன் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. ஒரு படி பொரியையும் ஒரு படி அரிசியையும் இரு கைகளில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விடை கையிலேயே இருக்கும். நிரப்பும் இடம் ஒன்று, எடை வேறு.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. நம் பிள்ளைகள் குழாயைத் திறந்துவிட்டு உளூச் செய்யும்போது கீழே ஒரு பேசினை வைத்து, விழுந்த நீரை டம்ளரால் அளந்து பார்க்கட்டும். முத்து என்பது எத்தனை டம்ளர் என்பதை ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டறிந்து ஒப்பிடட்டும். கணக்கும் கிடைக்கும், சிக்கனமும் கிடைக்கும். நமக்கெல்லாம் சற்று வெட்கமும் கிடைக்கலாம்.

ஆகவே நிர்வாகக் குழுவினருக்கு என் வேண்டுகோள் இது. மக்தபில் ஓர் அலமாரித் தட்டை ஒதுக்கி, அதில் ஒரு படி, உழக்கு, ஆழாக்கு, அரசு முத்திரையிட்ட ஒரு லிட்டர், அரை லிட்டர் அளவைகள், பத்துக் குழி அட்டைகள், ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை ஆகியவற்றை வைக்க வேண்டும். பிள்ளைகள் வாரம் ஒருநாள் அதைத் தொட்டு விளையாட வேண்டும். வரும் ரமலானில் நோன்புக் கஞ்சி வழங்கும்போது, ஓர் அகப்பை எத்தனை மில்லி லிட்டர், ஒரு போசிக்கு எத்தனை அகப்பை, மாலைக்கு எத்தனை போசி என்று வளர்ந்த பிள்ளைகளே கணக்கெழுதட்டும். ஃபித்ரா அரிசியை அளக்கும் இடத்தில் சிறுவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாக நிற்காமல், படியைப் பிடிப்பவர்களாக நிற்கட்டும்.

நிறைவாக, அந்தத் தாய்க்கு. அம்மா, சென்ற ஆண்டு உங்களிடம் 'பார்க்கலாம்' என்று சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் வீடு திரும்பி, மறுநாள் சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது, ஆழாக்கை உங்கள் மகன் கையில் கொடுங்கள். "எத்தனை போட வேண்டும்? ராத்திரிக்கும் சேர்த்தால் எத்தனை?" என்று கேளுங்கள். அவன் தவறினால், "போட்டுப் பார், அளந்து பார்" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றது உங்கள் பள்ளிப் படிப்பு மட்டுமே. நாள்தோறும் அளந்து, கூட்டி, சம்பளத்தைப் பகுத்துக் குடும்பம் நடத்தும் கணக்கு உங்களிடம் நிற்கவேயில்லை. அதைத்தான் அவனுக்குக் கொடுக்கச் சொல்கிறேன்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு அதைக் கற்பிக்கும் பொறுமையையும் வல்ல இறைவன் வழங்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.